படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா?
தங்கவயல் தொழிலாளர் அறிய வேண்டிய கணக்கு

பொழுது புலருமுன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காருப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறுகிறார்கள். பெட்டியில் கால் வைக்க இடமிருக்காது. கட்டட வேலைக்குப் போகிறவர்கள், காவல் வேலை பார்ப்பவர்கள், ஆயத்த ஆடை ஆலைகளில் தைக்கும் பெண்கள், பட்டறைத் தொழிலாளர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று எல்லோரும் பெங்களூரை நோக்கித்தான் செல்கிறார்கள். சுமார் 100 கிலோ மீட்டர் பயணம். இருட்டிய பின்புதான் வீடு திரும்ப முடியும்.

இவர்களில் ஒருவருக்கு வேலை செய்யும் இடத்திலோ வழியிலோ விபத்து நேர்ந்து, கால் ஒடிந்து, ஒன்றரை மாதம் படுத்துவிட நேர்ந்தால் அந்த நாட்களுக்கு வீட்டு அடுப்பு எப்படி எரியும்? மருத்துவச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் உண்டு. நின்றுபோன சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் குடும்பங்களைக் கந்து வட்டிக்காரனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நஷ்டம்தான்.

2025 நவம்பர் 21 முதல் நாட்டில் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டமும், 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டன. மாறுதல் காலத்தில் பழைய சட்டங்களின் கீழ் இருந்த விதிகளும் திட்டங்களும் தொடரும் என்று மத்திய அரசு அறிவித்தது. இந்தச் சமயத்தில், தற்காலிகமாக வேலை செய்ய இயலாமல் போகும் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது, அது யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பது அவசியமாகிறது. ஒரே காயத்துக்கு ஒருவருக்கு ஏறத்தாழ முழுச் சம்பளம், இன்னொருவருக்குப் பாதி, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை என்பதே இன்றைய நிலை. இதைத் தீர்மானிப்பது காயத்தின் ஆழமல்ல. தொழிலாளியின் பெயர் எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது என்பதுதான்.

சுரங்கக் காலத்துக் கணக்கு

இந்தக் கேள்வி தங்கவயலுக்குப் புதியதல்ல. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த நாளிலிருந்து, வட ஆற்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இதை அறியும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். கூண்டில் இறங்கிய ஆள் ஷிப்ட் முடிந்து மேலே வந்த பிறகுதான் வீட்டில் நிம்மதி.

காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையினால் காயம் என்றாலே போதும் என்ற கொள்கையை 1884-இல் ஜெர்மனி சட்டமாக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் அது 1923-இல் வந்தது. மைசூர் சமஸ்தானமாக இருந்ததால் அந்தச் சட்டம் நேரடியாக இங்கே செல்லவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரே அது இப்பகுதிக்கும் விரிந்தது.

அந்தச் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அரை மாதத்துக்கு ஒரு முறை தரப்பட வேண்டும். அதாவது மாதத்துக்குப் பாதிச் சம்பளம். இது அதிகபட்சம் 5 ஆண்டு வரை. முதல் 3 நாட்களுக்குக் கிடையாது. ஆனால் இயலாமை 28 நாட்களோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே உண்டு.

1948-இல் பாராளுமன்றம் ஈ.எஸ்.ஐ. சட்டத்தை நிறைவேற்றியது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து பணம் கட்டி, பொது நிதியிலிருந்து பலன் பெறும் ஏற்பாடு இது. நஷ்ட ஈட்டுக்காக முதலாளியின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டம் 'தொழிற்சாலை' என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே சுரங்கங்களை விலக்கிவிட்டது. ஆகவே தங்கவயலின் சுரங்கத் தொழிலாளிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் துணை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வேலை நின்றது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பெங்களூர் ரயிலில் போகிறார்கள். தந்தைக்குக் கிடைக்காத ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு மகனுக்கு உண்டு. ஆனால் அது இருப்பதே தெரியாமல் பலர் நஷ்டப்படுகிறார்கள் என்பதுதான் வேதனை.

ஒரே காயம், மூன்று கணக்கு

ஓர் உதாரணம் பார்க்கலாம். நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் மூன்று பேர் ஒரே கட்டடத்தில் ஒரே சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து 30 நாள் படுத்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறது. அவருக்குத் தற்காலிக ஊனப் பலனாகச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நாளுக்கு 450 ரூபாய்; 30 நாளைக்கு 13,500 ரூபாய். சிகிச்சையும் இலவசம். விபத்து நடந்த நாளை விட்டுக் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தால் போதும். இந்தப் பலனுக்கு இத்தனை நாள் என்ற வரம்பில்லை. இயலாமை நீடிக்கும் வரை உண்டு.

இரண்டாமவர் ஈ.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே இருப்பவர். அவருக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு. அரை மாதத்துக்கு 3,750 வீதம் இரண்டு தவணை. மொத்தம் 7,500 ரூபாய். அதையும் முதலாளியிடமிருந்து பெற வேண்டும். அவர் தர மறுத்தால் நஷ்ட ஈட்டு அதிகாரியிடம் மனுப் போட்டு அலைய வேண்டும்.

மூன்றாமவர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லாதவர். மேஸ்திரி ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கையில் ஏதோ செலவுக்குக் கொடுத்து, "உடம்பு தேறியதும் வா" என்று சொல்லி முடித்துவிடுகிறார். அதைத் தருமமாக எண்ணி நன்றி சொல்லிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

இதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளம் 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 22,000 சம்பளம் வாங்கும் ஒருவர் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய்விடுகிறார். விபத்து நேர்ந்தால் அவருடைய சம்பளமும் 15,000 என்றே எடுத்துக்கொள்ளப்பட்டு, மாதம் 7,500 ரூபாய்தான் கிடைக்கும். அவரைவிட 7,000 ரூபாய் குறைவாக வாங்குபவருக்கு 13,500! ஊதிய உயர்வு வந்ததால் பாதுகாப்புக் குறைந்தது என்றால் அது நியாயமாகுமா? அரசு இந்த இரு வரம்புகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது மிக அவசியம்.

குமாஸ்தாக்கள் அறிய வேண்டிய ஒன்றும் உண்டு. குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் முன்பு விலக்கு இருந்தது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

ரயிலில் நேரும் விபத்து

தங்கவயல்காரர்கள் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு பகுதி வழியிலேயே கழிந்துவிடுகிறது. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்து வேலை விபத்து ஆகுமா என்பது அவர்களுக்கு முக்கியமான கேள்வி.

1971-இல் கேரளத்தில் ஒரு தொழிலாளி ஷிப்ட் வேலைக்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்கு ஒரு கிலோ மீட்டர் தூரத்தில் லாரி மோதிக் காயமடைந்தார். ஈ.எஸ்.ஐ. பலன் கேட்டு நடந்த வழக்கு 25 ஆண்டுகள் இழுத்தது. வேலை தொடங்குமுன் பொதுச் சாலையில் நடந்த விபத்து வேலையோடு சேராது என்று 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

இந்தக் குறையைப் பாராளுமன்றம் 2010-இல் நீக்கியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும், வேலை முடிந்து வீடு திரும்பும்போதும் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51-இ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

2025 ஜூலை 29-இல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் அதிகாலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோ மீட்டர் தூரத்தில் விபத்தில் இறந்தார். நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய வழக்குகளுக்கும் அதே கொள்கை பொருந்தும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. புதிய தொகுப்புச் சட்டமும் வழியில் நேரும் விபத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே பங்காருப்பேட்டையில் ரயில் மாறும்போது தவறி விழுந்தவரும், பெங்களூரில் இறங்கிப் பஸ் ஏறும்போது அடிபட்டவரும் "அது என் தலைவிதி" என்று இருந்துவிடக் கூடாது. அன்றைய டிக்கெட் அல்லது சீசன் டிக்கெட், ஷிப்ட் நேரம் காட்டும் தாள், ஆஸ்பத்திரி சீட்டு, சம்பவம் குறித்த ரயில்வே அல்லது போலீஸ் பதிவு ஆகியவை நேரத்தையும் வழியையும் காட்டும் சாட்சிகள். இவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம்.

நோய்க்கு வேறு கணக்கு

விபத்தும் நோயும் ஒன்றல்ல. டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்ற நோயால் படுத்தவருக்கு ஈ.எஸ்.ஐ. தருவது நோய்க்காலப் பலன். இது சம்பளத்தில் 70 சதவீதம்; ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். அதற்குரிய ஆறு மாதக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் ஏறத்தாழ 9 மாதம் காத்திருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத வீதத்தில் கூடுதல் காலத்துக்குப் பலன் நீட்டிக்கப்படுகிறது.

வேலை விபத்துக்கு இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் 90 சதவீதம் உண்டு. வேலையில் அடிபட்டவரிடம் "கீழே விழுந்தேன் என்று சொல்லாதே, காய்ச்சல் என்று லீவு போடு" என்று மேஸ்திரி சொன்னால், அதற்குத் தலையாட்டுகிறவர் 90-ஐ இழந்து 70-க்கு வருகிறார். புதிதாகச் சேர்ந்தவராக இருந்தால் அதுவும் இல்லை.

முதல் ஒரு நாள் முக்கியம்

பலன் கைக்கு வருவதும் வராமல் போவதும் பெரும்பாலும் விபத்து நடந்த முதல் ஒரு நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

விபத்து நடந்தவுடன் சூப்பர்வைசரிடம் சொல்லி, விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த சக தொழிலாளி ஒருவர் கூட இருந்து தேதி, நேரம், இடம், பார்த்த சாட்சிகள் ஆகியவை சரியாகப் பதிவாகின்றனவா என்று கவனிப்பது நல்லது. இதன் பிறகு முதலாளி ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். 'படிவம் 12' என்று அறியப்பட்டு வந்தது இதுதான். இப்போது ஆன்லைனிலும் அனுப்பப்படுகிறது. முதலாளி தாமதித்தால் தொழிலாளியோ அவர் சார்பில் இன்னொருவரோ எழுத்து மூலம் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது டாக்டர் சர்டிபிகேட். இதில்தான் தங்கவயல்காரர்கள் அதிகம் தவறுகிறார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்குப் போவது நம்மவர் வழக்கம். அது அவரவர் நம்பிக்கை. ஆனால் பலன் வேண்டுமானால் முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ ஆஸ்பத்திரியிலோ காட்டி, வேலை செய்ய இயலாது என்ற சர்டிபிகேட்டை வாங்கியாக வேண்டும். சிகிச்சை தொடரும் வரை இடைக்காலச் சர்டிபிகேட்டுகளும், குணமானதும் இறுதிச் சர்டிபிகேட்டும் பெற வேண்டும். நடுவில் ஒரு வாரத்துக்குச் சர்டிபிகேட் இல்லையென்றால் அந்த வாரத்தின் பணத்துக்குத் தகராறு வரும்.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்து வந்திருக்கிறது. பலன் பெறும் காலத்தில் டாக்டரின் அனுமதியின்றிச் சிகிச்சை நடக்கும் பகுதியை விட்டு வெளியே போகக் கூடாது. பெங்களூரில் கட்டுப் போட்டுக்கொண்டு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தங்கவயல் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் புறப்படுமுன் டாக்டரிடம் அனுமதி எழுதி வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. பலன் வாங்கும் நாட்களில் வேறெங்கும் கூலி வேலைக்குப் போகவும் கூடாது.

சர்டிபிகேட்டோடு பலன் கோரும் மனுவையும் கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் பாங்குக் கணக்குக்கு வரும். ஆதார் அட்டையிலும் பாங்குப் புத்தகத்திலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறு விதமாக எழுதிவைத்த எழுத்துப் பிழையே பலருடைய பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப் போதுமானது. உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைத் திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

காண்டிராக்டர் சொல்லும் சாக்கு

"நீ என் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்" என்று நிறுவனம் சொல்லும். "நிறுவனம் பணம் கட்டவில்லை" என்று காண்டிராக்டர் சொல்வார். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. காண்டிராக்டர் மூலம் வந்த ஆளுக்கும் முதலில் சந்தா கட்ட வேண்டியவர் பிரதான முதலாளிதான். பிறகு அவர் அதைக் காண்டிராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். கட்டட வேலைத் தலங்களுக்கு 2015 ஆகஸ்டு முதல் ஈ.எஸ்.ஐ. விரிவுபடுத்தப்பட்டது.

முதலாளி சந்தா கட்டத் தவறினால் என்ன ஆகும்? ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருந்தது. விபத்து நடந்த அன்று சந்தா கட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பது தொழிலாளியின் உரிமையைப் பாதிக்காது என்ற கருத்தைச் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

"உன் அஜாக்கிரதையால் விழுந்தாய்" என்பதும் சாக்குத்தான். நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவைதான் விலக்குகள். சாதாரணக் கவனக்குறைவு விலக்கல்ல.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, வேலை செய்ததற்கான ஆதாரம். தொழிலாளியின் பங்காகச் சம்பளத்தில் 0.75 சதவீதமும், முதலாளியின் பங்காக 3.25 சதவீதமும் என்று 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டது. 15,000 சம்பளக்காரருக்குப் பிடித்தம் மாதம் 112 ரூபாய் 50 காசு என்று வரும். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா, அது உண்மையில் தன் எண்ணில் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பவர் எத்தனை பேர்? சீட்டே கொடுக்காத இடத்தில் பாங்கில் வரும் சம்பள வரவு, கேட் பாஸ், வருகைப் பதிவின் படம் ஆகியவை உதவும்.

தற்காலிகம் என்று சொல்ல முடியாத நோய்

சில காயங்கள் ஆறுவதில்லை. எலும்பு கூடிய பிறகும் கால் மடங்காமல் போனால், தற்காலிகப் பலன் முடிந்ததும் மருத்துவ போர்டின் முன் சென்று நிரந்தர ஊனப் பலன் கோர வேண்டும். "குணமாகிவிட்டது" என்ற சர்டிபிகேட்டோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு.

தங்கவயலில் இதைவிடக் கொடிய அனுபவம் உண்டு. கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் குணமாவதில்லை. 1940-களில் கோலார் சுரங்கங்களில் 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்ததில், நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவர்களிடம் இந்நோய் இருப்பது தெரிந்தது. 1947-இல் வெளியான அந்த ஆய்வுதான் இந்தியாவில் இந்நோயைப் பற்றிய முதல் பதிவாகக் கூறப்படுகிறது.

வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் இது தலைகாட்டும். அப்படி வெளிப்பட்டாலும், பழைய வேலையால் வந்தது என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு கோர 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் சுரங்கம் மூடிய பிறகு, இருமிக்கொண்டிருக்கும் முதியவர் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வேலைக்குச் சான்றையும், நோய்க்கு மருத்துவச் சான்றையும் எங்கே தேடுவார்? ராஜஸ்தான் மாநிலம் 2019-இல் இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. மருத்துவ போர்டு நோயை உறுதி செய்தால் 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் அரசே தருவது அந்த ஏற்பாடு. யாரிடம் வேலை பார்த்தார் என்பதை வழக்காடி நிரூபிக்க வேண்டிய பளு நோயாளியின் தலையிலிருந்து இறங்கியது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் தங்கம் தோண்டித் தந்த வயலுக்கு இதே நியாயம் கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகமாகாது.

செய்ய வேண்டியது

சட்டம் 1923-லிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. பாதிச் சம்பளம் 90 சதவீதமாயிற்று. ஆலை வாசலோடு நின்ற பாதுகாப்பு வீட்டு வாசல் வரை நீண்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ரிஜிஸ்தரில் பெயர் உள்ளவனோடு நின்றுவிடுகிறது. தொகுப்புச் சட்டத்தின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் தெரியும். காண்டிராக்டர்கள் தங்கள் ஆட்களை முதல் நாளே பதிவு செய்கிறார்களா என்று அதிகாரிகள் வேலைத் தலத்துக்கே சென்று பார்க்க வேண்டும். சம்பள வரம்பால் வெளியே தள்ளப்படுகிறவனுக்குப் பலன் குறையாதபடி செய்ய வேண்டும்.

தொழிலாளர்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. ஒரே பெட்டியில் தினமும் நான்கு மணி நேரம் சேர்ந்து பயணம் செய்கிறவர்கள் அதில் ஒரு பத்து நிமிடத்தை ஒருவருக்கொருவர் ஈ.எஸ்.ஐ. எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளச் செலவிடலாம். பெட்டியில் எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் கட்டாயம் இருப்பார். படுத்திருக்கும் நாட்களுக்கான சம்பளம் யாரும் இரங்கிக் கொடுக்கும் பணமல்ல. உழைத்த நாட்களில் பிடித்துக்கொண்ட காசின் பலன் அது. கேட்டு வாங்க வேண்டியது தொழிலாளியின் உரிமை. தடையின்றிக் கொடுப்பது அரசின் கடமை.